ஐந்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும்

காலை ஆறரை மணி இருக்கும். அம்மா என் தோளைத் தட்டி எழுப்பினார். "எழுந்து வந்து பார், மலை பக்கத்தில் வந்துவிட்டது" என்றார். பால்கனிக் கதவைத் திறந்தபோது குளிர்ந்த காற்றோடு ஈர மண்வாசனையும் வந்தது. நான்கு நாட்களாகக் கடலின் உப்பு வாடை மட்டுமே பழகிய மூக்குக்கு அது புதிதாக இருந்தது. நாங்கள் குடும்பத்தோடு ஏழு நாள் சுற்றுலா வந்த கப்பல், ஐரோப்பாவின் மொண்டெனெக்ரோ நாட்டிலுள்ள கோட்டோர் விரிகுடாவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் மலைகள் நேராக நீருக்குள் இறங்கி நின்றன.

எங்களுக்குக் கீழே ஒரு சிறிய படகு, கப்பலின் வேகத்துக்கு ஈடு கொடுத்து ஒட்டி ஓடிவந்தது. அதிலிருந்து ஒருவர் கப்பலின் பக்கவாட்டில் தொங்கிய கயிற்று ஏணியைப் பற்றி, இரண்டு அடி எடுத்து வைத்து, ஒரு கதவுக்குள் மறைந்தார். "யார் அது, இந்த நேரத்தில் ஏறுகிறவர்?" என்று அம்மா கேட்டார். அவர் உள்ளூர் பைலட். அந்த நீர்வழியின் ஆழத்தையும் நீரோட்டத்தையும் அறிந்தவர், கேப்டனுக்குப் பக்கத்தில் நின்று வழி சொல்லுவார். அதைச் சொன்னதும் அம்மா கைகூப்பினார். பிறகு மலைகள் மிகவும் நெருங்கி, விரிகுடா சில நூறு மீட்டர் அகலத்துக்குச் சுருங்கும் வெரிகே என்ற இடம் வந்தது. அதைத் தாண்டியதும் நீருக்கு நடுவே இரண்டு குட்டித் தீவுகள், ஒவ்வொன்றிலும் ஒரு தேவாலயம். அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. போர்வையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் அதே நாற்காலியில் இருந்தார்.

அம்மாவுக்கு வயது 74. இரண்டு முழங்கால்களிலும் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. ஊர் பார்க்கப் போவது என்றாலே அவருக்கு எத்தனை படிக்கட்டு, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், கழிப்பறை எங்கே என்ற கவலைதான் முதலில் வரும். ஆறு வருடங்களாக எல்லா அழைப்புக்கும் "நீங்கள் போய்வாருங்கள்" என்பதே அவருடைய பதில். அந்தக் காலையில், படுக்கையிலிருந்து ஆறடி தூரத்தில் அவர் உட்கார்ந்திருக்க, உலகத்தின் மிக அழகான கடல் நுழைவுகளில் ஒன்று தானாக அவரைத் தேடி வந்தது.

அன்று மாலை அதே ஊரைவிட்டு நான் மனம் கனத்துத் திரும்பினேன்.

கோட்டோரின் பழைய நகரத்துக்குப் பின்னால் மலைமேல் ஒரு கோட்டை இருக்கிறது. அதன் உச்சிக்கு ஏறக்குறைய 1,350 படிகள். பாதி வழியில் ஒரு சிறிய தேவாலயம். அதன் வாசல் சுவரில் கைவைத்து மூச்சு வாங்கியபோது மணியைப் பார்த்தேன். மேலே ஏறினால் இறங்கி வர நேரம் போதாது என்று தெரிந்தது. ஐந்து மணிக்குள் எல்லாரும் கப்பலில் இருக்க வேண்டும், ஐந்தரைக்கு நங்கூரம் எடுப்பார்கள். திரும்பி இறங்கினேன். நகருக்குள் ஒரு சின்னச் சதுக்கத்தில் ஒருவர் கடைக்கு வெளியே நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். பகலெல்லாம் எங்களைப் போன்றவர்களால் நிரம்பி வழிந்த அந்தத் தெரு, அப்போதுதான் தன் ஆட்களுக்காகத் தயாராகிக்கொண்டிருந்தது. அக்டோபர் மாதம், இருட்டு சீக்கிரம் வந்துவிடும். கப்பல் விரிகுடாவின் வளைவில் திரும்புவதற்குச் சற்று முன்னால் கோட்டைச் சுவர் நெடுகிலும் விளக்குகள் எரியத் தொடங்கின. நான் ஏறாத பாதி மலையும் அதில் தெரிந்தது.

ஒரே கப்பல், ஒரே ஊர், ஒரே நாள். அந்தப் பயணம் முடிந்து வந்ததிலிருந்து, "நாங்களும் கப்பலில் போகலாமா, அது எங்களுக்குச் சரிப்படுமா?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எந்தக் கப்பல், எந்த மாதம் என்பதையெல்லாம் பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுகிறேன். முதலில் நான் கேட்பது ஒன்றுதான்: போகிற ஊரின் மாலைப்பொழுது உங்களுக்கு வேண்டுமா? வேண்டும் என்று உடனே பதில் வந்தால் யோசிக்க வேண்டும். "மாலையில் எங்கே இருந்தால் என்ன, எல்லாரும் சேர்ந்து இருந்தால் போதும்" என்று பதில் வந்தால் தயங்காமல் கிளம்பலாம்.

பெரும்பாலான கப்பல்கள் காலை ஏழு, எட்டு மணிக்குத் துறைமுகம் அடைந்து, மாலை ஐந்து, ஆறு மணிக்குக் கிளம்பிவிடும். இரவில் ஓடி, விடிந்ததும் அடுத்த ஊரில் நிற்பதுதான் இந்தச் சுற்றுலாவின் அடிப்படை. தூங்குகிற நேரத்தில் தூரம் கடந்துவிடுகிறது. பெட்டியை ஒரே ஒரு முறை பிரித்தால் போதும். அந்த வசதிக்கு ஈடாக நாம் கொடுப்பது ஊர்களின் இரவு. ஏழு நாளில் ஐந்து ஊர் பார்த்தேன் என்று சொல்கிறேன். அந்த ஐந்தில் ஒன்றில்கூட ஒரு வீட்டு ஜன்னலில் விளக்கு எரிவதைத் தெருவில் நின்று நான் பார்க்கவில்லை.

இந்தச் சுற்றுலா பிறந்த கதையிலேயே இது இருக்கிறது. 1891 ஜனவரியில், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக் கப்பல் நிறுவனம் ஒன்றின் இயக்குநர்களில் ஒருவரான ஆல்பர்ட் பாலின் என்பவர், குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடக்க ஆள் குறைந்து கப்பல்கள் சும்மா நிற்பதைப் பார்த்து, அகுஸ்டா விக்டோரியா என்ற கப்பலில் 241 பேரை மத்தியதரைக் கடலுக்கு ஏறக்குறைய இரண்டு மாத உல்லாசப் பயணம் அனுப்பினார். அது வெற்றி பெறவே, சுற்றுலாவுக்கு என்றே ஒரு கப்பல் கட்டினார்கள். அது 1900இல் நீரில் இறங்கியது. அன்றிலிருந்தே கப்பல்தான் தங்குமிடம், துறைமுகங்கள் அதன் வாசல்கள். இன்று அந்தத் தங்குமிடம் ஓர் ஊராகவே வளர்ந்துவிட்டது. 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் 365 மீட்டர் நீளம், 20 தளங்கள், பணியாளர்கள் நீங்கலாக அதிகபட்சம் 7,600 பயணிகள். அவ்வளவு பெரிய ஒன்றில் ஏறுகிறவர்களில் பலர் துறைமுகத்தில் இறங்குவதே இல்லை. அவர்கள் எதையும் இழந்துவிடவில்லை. அவர்கள் வந்ததே கப்பலுக்காக.

எங்கள் குடும்பத்தில் அப்படி வந்தவர் அக்கா. வேலை, இரண்டு பிள்ளைகள், அம்மாவின் மருந்து வேளைகள் என்று ஓய்வே அறியாதவர். மூன்றாம் நாள் எந்த ஊரும் கிடையாது, முழுக்கக் கடல். பிள்ளைகள் காலையிலேயே சிறுவர் மன்றத்துக்குப் போய்விட்டார்கள். அத்தான் அம்மாவோடு இசைக் கச்சேரி கேட்கப் போனார். அக்கா மேல்தளத்தில், காற்று படாத ஒரு மூலையில், சாய்வு நாற்காலியில் படுத்துக் கண்ணை மூடினார். மூன்று மணி நேரம். நான் இரண்டு முறை போய்ப் பார்த்தேன், திறந்து வைத்த புத்தகம் மார்பின்மேல் அப்படியே இருந்தது. பிறகு என்னிடம் சொன்னார்: "அடுத்து என்ன செய்வது என்று இன்றைக்கு யாருமே என்னிடம் கேட்கவில்லை, தம்பி." மூன்று தலைமுறை சேர்ந்து போகிற குடும்பத்தில், எல்லாருக்கும் முடிவெடுக்கிற ஒருவர் எப்போதும் இருப்பார். அவருக்காகவே கப்பல் சுற்றுலாவைப் பரிந்துரைப்பேன். பாட்டியும் பேரனும் ஒரே நாளில் வெவ்வேறு இடங்களில் மகிழ்ச்சியாக இருந்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு ஒரே மேசையில் சேருவது தரைவழிப் பயணத்தில் சுலபமாக நடக்காது.

நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்குக் கப்பல் நல்லது என்று சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லா ஊரிலும் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. சில இடங்களில் கரைக்குத் தள்ளிக் கடலிலேயே நின்றுவிடும், சிறு படகில் ஏறித்தான் கரைக்குப் போக வேண்டும். அலையில் ஆடும் படகில் காலை எடுத்து வைப்பது முழங்கால் பிரச்சினை உள்ளவர்களுக்கு எளிதல்ல. சக்கர நாற்காலி என்றால் பல நேரங்களில் அனுமதியே கிடைக்காது. கோட்டோரில் எங்கள் கப்பல் கரையில் கட்டியது, சாலையைக் கடந்தால் பழைய நகரத்தின் வாசல். அம்மா மெதுவாக நடந்து உள்ளே போய், ஒரு கிணற்று மேடையில் உட்கார்ந்து பூனைகளைப் பார்த்துவிட்டு வந்தார். கிரேக்கத் தீவான சான்டோரினியில் அது முடியவில்லை. அங்கே கப்பல்கள் கடல்நீர் நிரம்பிய எரிமலைப் பள்ளத்தில் நிற்கும். படகில் பழைய துறைக்குப் போய், அங்கிருந்து செங்குத்தான பாறைமேல் இருக்கும் ஃபிரா ஊருக்கு கேபிள் காரில் போக வேண்டும், அல்லது ஏறக்குறைய 600 படிகள் ஏற வேண்டும். அம்மா கப்பலிலேயே தங்கிவிட்டார். பயணத் திட்டத்தைப் பார்க்கும்போது எத்தனை துறைமுகங்களில் படகு என்பதை முன்னதாகவே கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. அம்மா "பரவாயில்லை" என்று சொன்ன விதம் இன்னும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

சான்டோரினியில் கேபிள் கார் வரிசையில் நின்ற நேரம், மேலே ஊரில் கழித்த நேரத்தில் பாதி இருக்கும். ஒரே நாளில் பல கப்பல்கள் வந்தால் அப்படித்தான். அதனால்தான் கப்பல் பயணிகளுக்கு ஒரு நாளைக்கு 8,000 என்று அந்தத் தீவு வரம்பு வைத்தது. குரோஷியாவின் டுப்ரோவ்னிக்கிலும் 2019 முதல் ஒரே நேரத்தில் வரும் கப்பல்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துகிறார்கள். அந்த ஊரின் மேற்கு வாசலில் கூட்டம் நெருக்கித் தள்ளியபோது, கையில் காய்கறிப் பையோடு ஒரு மூதாட்டி சுவரோரமாக ஒதுங்கி, நாங்கள் கடந்து போவதற்காகக் காத்து நின்றார். அவருடைய ஊர் அது. எங்கள் குழுவின் கடைசி ஆள் போகும்வரை அவர் நகரவில்லை. இது மனதில் தைக்கிற சுபாவம் உள்ளவர்கள் ஆயிரக்கணக்கானோர் ஏறும் கப்பலையும் கூட்டம் மிகுந்த மாதத்தையும் தவிர்ப்பது நல்லது. சிறிய கப்பல்கள் இருக்கின்றன, சிறிய துறைமுகங்களும் இருக்கின்றன.

ஊருக்காகப் போகிறவர்கள் இன்னொன்றிலும் கவனமாக இருக்க வேண்டும். பட்டியலில் அச்சிட்டிருக்கும் ஊர்ப்பெயரும் கப்பல் நிற்கிற இடமும் ஒன்றல்ல. ரோம் என்று போட்டிருந்தால் கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில், அங்கிருந்து ரோம் 70 கிலோமீட்டருக்கு மேல். ஃபுளோரன்ஸ் என்றால் லிவோர்னோ. பாரிஸ் என்றால் லே ஹாவ்ர், ஏறக்குறைய 200 கிலோமீட்டர். பெர்லின் என்று போட்டிருந்தால் பால்டிக் கடலோரத்து வார்னமுண்டேயில் இறக்கிவிடுவார்கள், ரயிலிலோ பஸ்ஸிலோ ஒரு வழிக்கே மூன்று மணி நேரம் ஆகும். வெனிஸ் இப்போது இன்னும் சிக்கலானது. 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்கள் புனித மார்க் சதுக்கத்தை ஒட்டிய நீர்ப்பரப்பிலும் ஜூடெக்கா கால்வாயிலும் நுழையத் தடை இருக்கிறது. 25,000 டன் கொள்ளளவைத் தாண்டியவை, 180 மீட்டருக்கு மேல் நீளமானவை எல்லாம் அதில் அடங்கும். அதனால் பல பயணங்கள் ரவென்னாவிலோ டிரியெஸ்டேயிலோ முடிகின்றன. அங்கிருந்து வெனிஸுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரத் தரைவழி. பத்து மணி நேரம் துறைமுகத்தில் என்றால், போக வர ஐந்து, ஆறு மணி நேரத்தைக் கழித்தால் மிச்சம் என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ரோம் நகரத்தை வாழ்நாளில் ஒரே ஒரு முறை பார்க்கப்போகிறவர், அதைக் கப்பலின் ஒரு பகல்பொழுதில் அடைக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன்.

நேரத்தைப் பற்றிய பயம் உள்ளவர்களும் உண்டு. கப்பல் ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் போனால், பஸ் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகப் போய்த் தாமதித்தால் காத்திருக்காது, அடுத்த துறைமுகத்துக்கு நாமே போய்ச் சேர வேண்டும். சில கப்பல்களின் கடிகாரம் உள்ளூர் நேரத்தோடு ஒத்துப்போகாமலும் இருக்கும். அதேபோல் காற்று பலமாக இருந்தால் கேப்டன் ஒரு துறைமுகத்தையே விட்டுவிட்டுப் போகலாம், ஒப்பந்தத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. கட்டாயம் இந்த ஊரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நெஞ்சில் வைத்துக்கொண்டு கப்பல் ஏறுகிறவர் ஏமாந்துபோக வாய்ப்பு அதிகம்.

தனியாகப் பயணம் செய்பவர்களுக்குக் கட்டணமே ஒரு தடை. ஒரு கேபினில் இரண்டு பேர் என்ற கணக்கில்தான் விலை வைக்கிறார்கள். ஒருவர் மட்டும் தங்கினால் பெரும்பாலும் இரண்டு பேருக்கான தொகையை நெருங்கிவிடும். தனியருக்கென்று சிறிய கேபின்கள் உள்ள கப்பல்கள் சில இருக்கின்றன, அவை சீக்கிரம் நிரம்பிவிடும்.

உடல்நிலையைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கடல் ஆட்டத்தில் குமட்டுவது மனப்பிரமை அல்ல. உட்காதின் சமநிலை உறுப்பு உடல் அசைகிறது என்று சொல்கிறது, கேபினின் சுவரைப் பார்க்கும் கண் அசையவில்லை என்கிறது. மூளை குழம்பி வயிற்றைப் புரட்டுகிறது. பெரிய கப்பல்களில் நீருக்கடியில் இரு பக்கமும் நீளும் துடுப்புகள் பக்கவாட்டு ஆட்டத்தைப் பெருமளவு குறைத்துவிடுகின்றன. முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை அவற்றால் தடுக்க முடியாது. அதனால் சந்தேகம் உள்ளவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், ஜன்னல் உள்ள கேபின் எடுக்கட்டும். தொலைவில் தெரியும் அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலே பாதி சரியாகும். தென் அமெரிக்காவுக்கும் அன்டார்டிகாவுக்கும் இடையிலுள்ள டிரேக் நீரிணையும் குளிர்கால வட அட்லாண்டிக்கும் முதல் பயணத்துக்கு ஏற்றவை அல்ல.

பயணம் முடிவதற்குள் 24ஆம் வாரத்தை எட்டிவிடும் கர்ப்பிணிகளைப் பொதுவாக ஏற்றுவதில்லை. கைக்குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும், பெருங்கடலைக் கடக்கும் நீண்ட பயணங்களில் ஒரு வயது. கப்பலில் மருத்துவரும் சிறிய மருத்துவமனையும் இருக்கும். ஆனால் பெரிய சிகிச்சை என்றால் கரைக்குத்தான் கொண்டுபோக வேண்டும், கரை ஒரு நாள் தூரத்தில் இருக்கலாம். இதய நோய் உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமலும், கடலிலிருந்து அவசரமாக வெளியேற்றும் செலவை ஏற்கும் காப்பீடு இல்லாமலும் ஏற வேண்டாம். வயிற்றுப்போக்கு, வாந்தி தரும் நோரோவைரஸ் நெருக்கமான இடங்களில் வேகமாகப் பரவும். வாசலில் வைத்திருக்கும் கிருமிநாசினித் திரவத்துக்கு அது எளிதில் சாகாது, சோப்புப் போட்டுக் கை கழுவுவதுதான் பயன் தரும். முதல் நாள் நடக்கும் அவசரகாலப் பயிற்சியைத் தட்டிக்கழிக்கவும் வேண்டாம். 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பயணிகளுக்கு அந்தப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. இன்று கப்பல் கிளம்புவதற்கு முன்போ, கிளம்பிய உடனேயோ அது நடந்தாக வேண்டும்.

என்னைப் போன்ற, ஊரில் கால் பதித்துச் சுற்ற விரும்புகிறவர்களுக்குக் கப்பல் ஆகவே ஆகாது என்று சொல்ல மாட்டேன். சில இடங்களுக்குக் கப்பல்தான் இயல்பான வழி. அலாஸ்காவின் தலைநகரமான ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து சாலையே கிடையாது. அந்தக் கரையோரத்தின் கிளேசியர் பே தேசியப் பூங்காவில் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் விடுவதில்லை. பூங்காக் காவலர்கள் கப்பலிலேயே ஏறிவந்து பனிப்பாறைகளைப் பற்றிப் பேசுவார்கள். அன்டார்டிகாவில் ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையிறங்கக் கூடாது, 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையுமே இறக்க முடியாது. அங்கே போக ஆசைப்படுகிறவர் கப்பலின் அளவைப் பார்க்காமல் முன்பதிவு செய்தால், கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். பசிபிக் பெருங்கடலின் காலாபகோஸ் தீவுகளிலும் ஒரு கப்பலுக்கு 100 பயணிகள்தான் வரம்பு. இவை உல்லாசத்தை விடப் படிப்புக்கு நெருக்கமான பயணங்கள், கூச்சலை விரும்பாதவர்களுக்கு ஏற்றவை. டான்யூப், ரைன் போன்ற ஆறுகளில் ஓடும் கப்பல்கள் பெரும்பாலும் நகரத்தின் நடுவிலேயே கட்டி, பல இடங்களில் இரவும் அங்கேயே நிற்கும். மாலை வேண்டும் என்கிறவர்கள் அவற்றை முதலில் பார்க்கலாம். ஆற்றில் நீர் குறைந்தால் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு போகட்டும்.

இன்னும் தீர்மானிக்க முடியாதவர்களிடம், மூன்று நான்கு இரவுப் பயணம் ஒன்றை முதலில் எடுக்கச் சொல்கிறேன். அதில் ஒரு நாளாவது ஊரே இல்லாத முழுக் கடல் நாளாக இருக்கட்டும். அந்த நாளின் பிற்பகல் மூன்று மணிக்கு நாற்காலியில் சாய்ந்து கிடக்கத் தோன்றுகிறதா, அல்லது தளத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கத் தோன்றுகிறதா என்று பாருங்கள். நான் அன்று பதினோரு சுற்று நடந்தேன்.

சென்ற வாரம் அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். கப்பலில் தினமும் இரவு கேபின் வாசலில் வைக்கும் நிகழ்ச்சி நிரல் தாள்கள் ஏழையும் அம்மா மடிக்காமல் வைத்திருக்கிறார். கடைசித் தாளின் பின்பக்கத்தில் அக்காவை எழுதச் சொல்லியிருக்கிறார்: லிஃப்டுக்குப் பக்கத்தில் கேபின், பால்கனி கட்டாயம், படகில் இறங்கும் ஊர் வேண்டாம், நார்வேயில் மலைக்குள் கடல் போகிறதாம். அக்கா அதற்கான தேதிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, டுப்ரோவ்னிக்கிலிருந்து கோட்டோருக்குப் போகும் பஸ் நேரங்களை எழுதிக்கொண்டேன். கோட்டைச் சுவருக்குள்ளேயே ஓர் அறை கிடைத்திருக்கிறது, நான்கு இரவுகள்.